பென்சிலால் எழுதிய பின்பக்கங்கள்

ஸ்கேனருக்கு முன்னால் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வேலை ஒருநாளும் அலுத்ததில்லை. ஒரு தாள் மேலே உருளைகளுக்குள் நுழைந்து கீழே வந்து விழுவதற்குள், அதன் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு படங்களாகத் திரையில் வந்து நிற்கும். ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் இருபத்திரண்டு வருடம் அதைப் பார்த்தேன். கடைசி நாளிலும் "ஆ, வந்திட்டுது!" என்று மனதுக்குள் ஒரு துள்ளல். வேலைத்தலத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன், துணிந்து சொல்லலாம்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்தவள் நான். பாண் சுடும் தொழிற்சாலையில் ஏழு வருடம் பொதி கட்டினேன். பிறகு வேலைவாய்ப்புக் கந்தோரில் ஒரு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கொடுத்து, "தாள் அடுக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். தாள் அடுக்கத் தெரியாதவர் யார்? அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன்.

பொத்தான்களைப் பற்றி எழுதப்போவதில்லை. இரண்டு கிழமையில், பதினான்கு நாளில், அவை உங்களுக்குக் கைவந்துவிடும். நான் ஓர் எண்ணைத் தவறாக மாற்றியதையும், ஒரு பொத்தானை யாரிடமும் கேட்காமல் அழுத்தியதையும்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு கட்டட நிறுவனத்தின் பழைய கடிதங்களைக் காலையிலிருந்து மாலைவரை ஓடவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால், ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு! ஸ்கேனரின் கண்ணாடியில் கடுகளவு பசை ஒட்டியிருந்திருக்கிறது. தாள் நகரும், பசை நகராது, ஆகவே புள்ளி கோடாகிவிடும். நானோ முதல் தாளைப் பார்த்துவிட்டு "சரி" என்றிருந்தேன். பசை பத்தாவது தாளோடு வந்திருந்தது. முழு நாள் வேலையையும் திரும்பச் செய்தேன்.

அன்று ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். பத்து மணி இடைவேளை முடிந்து வந்ததும், அன்று காலை வந்த படங்களில் இருபதை எங்கெங்கோ தொட்டுத் திறந்து பார்ப்பேன். வரிசையாகப் பார்க்க மாட்டேன். குலுக்கல் சீட்டு எடுப்பதுபோல் எடுப்பேன். வெட்டி வேலை என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும்.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன்.

ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென்று ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையம் இருந்தது. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு அதையும் மூடிவிட்டார்கள். அங்கிருந்த கோப்புகளைப் பொறுப்பெடுத்த அலுவலகம், எல்லாவற்றையும் படக்கோப்புகளாக மாற்றித் தரும்படி எங்களிடம் கேட்டது. படமாக்கி முடிந்ததும் தாள்களை அழித்துவிட வேண்டும். அலுவலகம் எழுத்தில் சம்மதம் தந்தால் அரைக்கும் லொறி எங்கள் முற்றத்துக்கே வரும்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு தடித்த, மங்கிய மஞ்சள் தாள். முன்பக்கத்தில் தட்டச்சில் பெயர், நிறை, இரத்த அழுத்தம், நுரையீரல் அளவு எல்லாம் இருக்கும். பின்பக்கம் பெரும்பாலும் வெறுமை.

மாதிரிக்கு ஒரு பெட்டியை முடித்து அனுப்பியதும் அந்த அலுவலகத்தின் பொறுப்பாளரான பெண்மணி ஃப்ராவ் லின்டெமன் தொலைபேசியில் வந்தார். "படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் பாதிக்குமேல் வெறும் வெள்ளைப் பக்கங்கள். எங்கள் ஆட்கள் கிளிக் செய்து கிளிக் செய்தே களைத்துப்போகிறார்கள்" என்றார்.

ஸ்கேனரில் வெற்றுப் பக்கங்களைத் தானாகவே நீக்கும் வசதி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு மை இருந்தால் எழுத்து, எவ்வளவுக்குக் குறைந்தால் வெறுமை என்று ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். மேலாளர் அந்த வேலையை என்னிடம் விட்டார். எண்ணைச் சற்று உயர்த்தினேன். கையருகே இருந்த பெட்டியிலிருந்து ஐம்பது தாளை ஓடவிட்டுப் பார்த்தேன். மையால் எழுதியவை, முத்திரை குத்தியவை எல்லாம் அப்படியே நின்றன. வெள்ளைப் பக்கங்கள் மறைந்தன. ஃப்ராவ் லின்டெமன் மகிழ்ந்து நன்றி எழுதினார். மேலாளர் அதை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினார். நானும் போகவர அதைப் பார்த்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்!

அந்த ஐம்பதில் பென்சிலால் எழுதிய தாள் ஒன்றுகூட இருக்கவில்லை. அதை நான் கவனிக்கவுமில்லை.

எட்டுக் கிழமையில் அறுபது பெட்டிகள் முடிந்தன. முதல் நாற்பதை அழிக்கச் சம்மதக் கடிதமும் வந்தது. வெள்ளிக்கிழமை காலை லொறி வந்து முற்றத்தில் நின்றது. மேலாளர் அன்று காலைதான் விடுமுறைக்குப் பறந்திருந்தார். மண்டபத்தில் மூத்தவள் நான். கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தர்சிகா இருந்தாள். பீலெஃபெல்டிலேயே பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்த கையோடு எங்களிடம் வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வயதில் என்னில் பாதி. கணினியில் எனக்கு ஆசிரியை அவள்தான்.

பத்து மணி இடைவேளை முடிந்து வந்து, வழக்கம்போல் இருபது படத்தைத் தொட்டேன். பதினோராவதோ பன்னிரண்டாவதோ ஒரு முன்பக்கம். நடுவில் "பரிசோதனை முடிவு" என்ற தலைப்பு. அதன் கீழே ஒன்றும் தட்டச்சிடவில்லை. வலது மூலையில் கையெழுத்தில் 'b. w.' என்று இரண்டு எழுத்து மட்டும். ஜேர்மனியில் கடிதம் எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த சுருக்கம்: தயவுசெய்து திருப்புக. இத்தனை கிழமையும் கறையும் கோடும் மட்டுமே தேடிய என் கண்ணில் அது அன்றுதான் பட்டது.

அடுத்த படத்தைத் திறந்தேன். வேறொருவரின் முன்பக்கம்!

முந்தையதற்குப் போனேன், மறுபடி அடுத்ததற்குப் போனேன். பின்பக்கத்தைக் காணவில்லை.

"தர்சிகா! இஞ்ச ஓடி வா!"

"என்ன அக்கா, முகம் வெளிறிப்போய் நிக்கிறியள்?"

"இந்தப் படத்துக்குப் பின்பக்கம் எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். "வெறும் பக்கமா இருந்திருக்கும். மெஷின் தூக்கிப் போட்டிருக்கும்."

"திருப்புக எண்டு எழுதிப்போட்டு ஆரும் வெறுந்தாளைக் காட்டுவினமோ?"

அது அன்று காலை ஓடி முடிந்த அறுபதாவது பெட்டியில் இருந்த தாள். பெட்டி என் காலடியிலேயே இருந்தது. இருவருமாகத் தேடி அந்தத் தாளை உருவி எடுத்தோம். திருப்பினேன். முதற்பார்வைக்கு வெறுமைதான். சன்னலுக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தேன். வெளிச்சம் பட்டதும் பக்கம் முழுவதும் பொடி எழுத்துகள் மினுங்கின. பென்சில்! மெல்லிய, சாம்பல் நிறமான, வைத்தியரின் கையெழுத்து. இரண்டு சொல்லை என்னால் வாசிக்க முடிந்தது: "நிழல்", "இருபுறமும்".

"அக்கா," தர்சிகாவின் குரல் இறங்கியது, "மெஷின்ல ஒரு பிழையும் இல்லை. நீங்கள் குடுத்த எண்ணுக்குச் சரியாத்தான் வேலை செய்திருக்கு. அதுதான் பிரச்சினை."

அப்போதுதான் முற்றத்திலிருந்து அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. அரை மணியாக அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். லொறியின் அரைக்கும் சத்தம்.

ஓடினேன். ஐம்பத்தொன்பது வயதில், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தபடி, களஞ்சியத்தின் நீளம் முழுவதும் ஓடினேன். பின்னால் தர்சிகா, "அக்கா, விழுந்திடாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

லொறியின் பக்கவாட்டில் ஒரு தூக்கி. அது பெட்டிகளை ஒவ்வொன்றாக உயர்த்தி உள்ளே கவிழ்க்கும். ஒரு பெட்டி உச்சிக்குப் போய்ச் சரியத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் மஞ்சள் மேலங்கியும் காதுமூடியும் போட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. மேலே முதல் இரண்டு தாள்கள் விளிம்பைத் தாண்டிவிட்டன.

லொறியின் உடலில், என் தோளுயரத்தில், ஒரு சிவப்புப் பொத்தான். அபாயத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. உள்ளங்கையால் அடித்தேன்.

எல்லாம் நின்றது. அவ்வளவு பெரிய இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதியில் என் மூச்சு எனக்கே கேட்டது. ஓட்டுநர் திரும்பினார். போலந்துக்காரர், நல்ல உயரம். காதுமூடியைக் கழற்றினார்.

"யாருக்காவது அடிபட்டதா?"

"இல்லை."

"அப்போ ஏன் அழுத்தினீர்கள்? இதை அழுத்தினால் முழுப் பரிசோதனையும் செய்யாமல் நான் மறுபடி ஓட்டக்கூடாது! மதியத்துக்கு முன் இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்."

"இந்தத் தாள்களை அழிக்கக்கூடாது. படங்களில் பிழை இருக்கிறது."

அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். "நாற்பது பெட்டிக்குச் சம்மதம். கையொப்பம் இருக்கிறது. நீங்கள் யார்? மேலாளரா?"

"இல்லை."

"அவர் எங்கே?"

"விமானத்தில்."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் அந்த மஞ்சள் தாள் இன்னும் இருந்தது. அதை நீட்டி, வெயிலில் சரித்துக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது படத்தில் இல்லையா?"

"இல்லை."

"என் சித்தப்பாவும் சுரங்கத்தில்தான் வேலை செய்தார், போலந்தில்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரிசோதனைக்கு அரை மணி எடுக்கும். அதற்குள் எழுத்தில் ஏதாவது கொண்டுவாருங்கள். வராவிட்டால் நான் வேலையை முடிக்க வேண்டியிருக்கும்."

ஒன்பது பெட்டிகள் போய்விட்டிருந்தன. பத்தாவது தூக்கியின் உச்சியில் தொங்கியது.

மேசைக்கு ஓடிவந்தோம். ஃப்ராவ் லின்டெமனின் எண்ணை எடுத்தேன். தர்சிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, பொறுங்கோ. முதல்ல எத்தினை பக்கம் போயிருக்கெண்டு பாப்பம். இப்பவே சொன்னா, பிழை முழுக்க உங்கட தலையிலதான் விழும்."

"பாத்து முடிக்க எவ்வளவு நேரம் வேணும்?"

"ரெண்டு நாள். மூண்டு நாள்."

"எங்களிட்ட அரை மணி இருக்கு, பிள்ளை."

அவள் கையை எடுத்தாள். அவள் சொன்னதில் அன்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எல்லாம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று தோன்றும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்: ஒரு பின்பக்கம் காணாமல் போயிருக்கிறது, அதுபோல் இன்னும் பல இருக்கக்கூடும், தாள்கள் முற்றத்தில் நிற்கின்றன. தொலைபேசியை எடுக்க அது போதும்.

"ஃப்ராவ் லின்டெமன், வெற்றுப் பக்கங்களை நீக்க எண்ணை உயர்த்தியது நான். பென்சில் எழுத்துகளையும் அது நீக்கியிருக்கிறது. எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியாது. அழிப்பதை நிறுத்தும்படி இப்போதே எழுத்தில் அனுப்புங்கள். லொறி நிற்கிறது. ஒன்பது பெட்டிகள் போய்விட்டன."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. "அனுப்பிவிட்டேன். மற்றதைப் பிறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

அச்சுத் தாள் சூடு ஆறுமுன் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். ஓட்டுநர் வாசித்தார், மடித்தார், பையில் வைத்தார். கையால் சுற்றும் பிடியைச் சுற்றிப் பத்தாவது பெட்டியை மெதுவாகக் கீழே இறக்கினார். விளிம்பைத் தாண்டிய இரண்டு தாளும் வாயிலேயே சிக்கி நின்றன. ஏறி எடுத்து என்னிடம் தந்தார். ஒன்றின் மூலை கிழிந்திருந்தது. அவ்வளவுதான்!

மேலாளர் தரையிறங்கியதும் தொலைபேசியில் கூப்பிட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "எல்லாவற்றையும் மறுபடி ஓடவிடுங்கள். வேறு வேலை எதையும் எடுக்க வேண்டாம்" என்றார். அறிவிப்புப் பலகையிலிருந்த நன்றிக் கடிதத்தை நானே கழற்றினேன்.

அடுத்த மூன்று கிழமையைப்போல் ஒரு காலம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. நீக்கும் வசதியை முற்றாக நிறுத்திவிட்டு, எஞ்சிய ஐம்பத்தொரு பெட்டிகளையும் மறுபடி ஓடவிட்டோம். தர்சிகா படத்தின் கருமையைக் கூட்டுகிற முறையொன்றை அமைத்தாள். திரையில் சாம்பல் மங்கலாக வந்த பின்பக்கம் ஒரு நொடியில் கறுத்து, எழுத்தெழுத்தாக எழும்பி நிற்கும். "அக்கா, இதைப் பாருங்கோ!" "இஞ்ச இன்னொண்டு!" என்று மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டோம். தண்ணீருக்கடியிலிருந்து முகங்கள் மேலே வருவதுபோல் இருந்தது. இடைவேளை மணி அடித்ததுகூடச் சில நாள் தெரியவில்லை.

ஏனென்று தெரியாமலே ஒன்று செய்தேன். முன்பக்கத்தில் 'திருப்புக' என்று இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கொப்பியில் கோடு போட்டேன். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் எதிரே இன்னொரு கோடு. முடிவில் எண்ணிப் பார்த்தால் அந்தப் பக்கம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு, இந்தப் பக்கம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. ஒன்றுகூட வெறுமை இல்லை!

இன்னொன்றும் தெரிய வந்தது. அந்தத் தாள்கள் எழுதப்பட்ட முப்பது வருடமும் நிலையத்தில் ஒரே வைத்தியர்தான் இருந்திருக்கிறார். குறை ஒன்றும் இல்லையென்றால் முன்பக்கத்திலேயே "குறை இல்லை" என்று முத்திரை குத்திவிடுவார். ஏதாவது கண்டால் மட்டும்தான் தாளைத் திருப்பிப் பென்சிலை எடுப்பார்.

அரைபட்ட ஒன்பது பெட்டிகளுக்கு என்ன செய்வது? ஸ்கேனரின் தற்காலிக நினைவகத்தில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தர்சிகா இரண்டு நாள் துழாவினாள். முப்பது நாளுக்கு மேற்பட்டதெல்லாம் தானாக அழிந்திருந்தது. அந்தப் பெட்டிகள் ஏழு கிழமைக்கு முந்தியவை. "ஏலாது அக்கா. ஒண்டும் இல்லை" என்று அவள் கதிரையில் சாய்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்தப் பெட்டிகளின் முன்பக்கப் படங்கள் மட்டும் எங்களிடம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, 'திருப்புக' என்றிருந்த முந்நூற்று நாற்பத்தெட்டுத் தாள்களையும் பட்டியலிட்டோம். மேலே ஒரு விளக்கம் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு ஃப்ராவ் லின்டெமனுக்கு அனுப்பினேன். போனது போனதுதான். எது போனது என்றாவது அவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தது. ஒருநாள் என் பெயருக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு மஞ்சள் உறை வந்தது. பிரித்துப் பார்த்தால், சாட்சியாக வரச்சொல்லி அழைப்பு.

அய்டின் என்று ஒருவர். துருக்கியிலிருந்து இளவயதில் வந்து இருபத்தாறு வருடம் நிலத்துக்கடியில் வேலை செய்தவர். இப்போது மூச்சு விடமுடியாத நோய். அது சுரங்கத் தூசியால் வந்தது என்று ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருக்கிறார். தொழில்நோய்க் காப்புறுதிக்காரர் அதை மறுத்துவிட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில் நுரையீரலில் குறை இருந்ததற்கு ஒரு பதிவும் இல்லை, சிகரெட்டால் வந்தது என்பது அவர்கள் வாதம். அவருடைய தாள்கள் அந்த ஒன்பது பெட்டிகளில் ஒன்றில் இருந்தவை. எங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே மூன்று தாள்கள்.

போவதற்கு முதல்நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதுமாம். இயந்திரம் நீக்கியது என்று சொன்னாலும் அது பொய்யில்லை" என்றார். நல்ல மனிதர் அவர், எனக்காகத்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கோடு போட்ட கொப்பியைக் கைப்பைக்குள் வைத்தேன்.

நீதிபதி என் வயதுப் பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"அந்த எண்ணை யார் மாற்றியது?"

"நான்."

"பென்சிலால் எழுதிய தாளை வைத்துச் சோதித்தீர்களா?"

"இல்லை. கைக்கு எட்டிய தாள்களை வைத்துச் சோதித்தேன். இருப்பதிலேயே மங்கலான தாளைத் தேடி எடுத்துச் சோதித்திருக்க வேண்டும்."

இதை நீங்கள் எழுதி மேசையில் ஒட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

காப்புறுதித் தரப்பின் வழக்கறிஞர் எழுந்தார். "திரு அய்டினின் அந்த மூன்று தாளின் பின்பக்கத்தை நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் அங்கே ஒன்றும் எழுதாமலும் இருந்திருக்கலாம்."

கொப்பியை எடுத்தேன். "அந்த வைத்தியர் திருப்புக என்று எழுதிய இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு தாள்களை நான் திருப்பிப் பார்த்தேன். அத்தனையிலும் எழுத்து இருந்தது."

நீதிபதி நிமிர்ந்தார். "ஒன்றுகூட வெறுமையாக இருக்கவில்லையா?"

"ஒன்றுகூட இல்லை."

"எழுதியிருந்தாலும்," என்றார் வழக்கறிஞர், "எல்லாம் நலம் என்றே எழுதியிருக்கலாம்."

"எல்லாம் நலம் என்றால் அவர் முன்பக்கத்தில் முத்திரை குத்திவிடுவார். குறை கண்டால்தான் திருப்புவார்."

"நீங்கள் வைத்தியரா?"

"இல்லை. அவருடைய நாற்பதாயிரம் தாள்களைப் பார்த்தவள்."

நீதிபதி கையை நீட்டி அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கோடுகள், கோடுகள், கோடுகள். என் பக்கத்திலிருந்த தண்ணீரைக் குடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வெளியே நடைபாதையில் திரு அய்டின் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், காலடியில் சின்னச் சக்கரம் வைத்த பிராணவாயுப் பெட்டி. பக்கத்தில் மகள். என் பிழையால் ஆதாரத்தை இழந்த மனிதர். அவருக்கு முன்னால் போய் நின்று, மன்னிப்புக் கேட்டேன்.

அவர் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை. மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அந்த வைத்தியர்... அன்றைக்கு எனக்குச் சொன்னார். இனிக் கீழே இறங்காதே என்று. எனக்கு மூன்று பிள்ளைகள். இறங்கினேன்." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "இதை நான் ஒவ்வொரு அலுவலகத்திலும் சொன்னேன். காகிதம் எங்கே என்று கேட்டார்கள். இன்றைக்குத்தான் ஒருவர், அங்கே ஏதோ எழுதியிருந்தது என்று சொன்னார்."

மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பீலெஃபெல்டுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார முடியாமல் வழிநெடுக நின்றுகொண்டே வந்தேன்.

தீர்ப்பு வரச் சில மாதங்கள் எடுத்தன. நீதிமன்றம் இன்னொரு நிபுணரிடம் கருத்துக் கேட்டதாக அறிந்தேன். அதற்குள் நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஒருநாள் முற்பகல் குசினியில் நிற்கும்போது தர்சிகாவிடமிருந்து அழைப்பு.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"மீன் வெட்டுறன்."

"கத்தியைக் கீழ வையுங்கோ."

"ஏனடி?"

"வையுங்கோ எண்டுறன்!"

வைத்தேன்.

"அவர் வெண்டுட்டார் அக்கா! அய்டின் வெண்டுட்டார்! தொழில்நோய்தான் எண்டு ஏற்றுக்கொண்டிட்டினம். மகள் தீர்ப்பின்ர பிரதியை எங்களுக்கு அனுப்பியிருக்கிறா. உங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறா."

நான் மீன் கையோடு கதிரையில் உட்கார்ந்தேன். அவள் தாளைப் புரட்டுவது கேட்டது. "பொறுங்கோ, இடத்தை மஞ்சளால அடிச்சு வைச்சனான்... இஞ்ச இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு ஜேர்மன் மொழியில், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

"மூன்று தாள்களின் பின்பக்கத்திலும் வைத்தியரின் குறிப்பு இருந்தது என்றே இந்த நீதிமன்றம் கொள்கிறது."

"இன்னொருக்கா வாசி" என்றேன்.

வாசித்தாள்.

"இன்னொருக்கா."